தண்ணீருக்கு மேல் ஒரு முறிவு

பட்டறையில் நடந்துகொண்டிருந்த கண்ணாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பெரிய மீன்தொட்டிக்குள் அவருடைய மச்சினனின் உடம்பு ஓரிடத்தில் நின்றது. தலை ஒரு முழம் தள்ளி நின்று பல்லைக் காட்டிச் சிரித்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"டேய், கழுத்த எங்கடா வச்சே?"

ஒழுகுகிறதா என்று பார்க்க, கழுத்தளவுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். மச்சினன் உள்ளே இறங்கி, கண்ணாடியில் அப்பியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் பக்கவாட்டிலிருந்து நேர் முன்னால் வந்தார். தலை கழுத்தில் போய் உட்கார்ந்தது. திரும்பச் சாய்ந்து பார்த்தார். நழுவியது. பதினைந்து வருஷமாக ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட மனுஷன். தொட்டி இதுதான் முதல் தடவை.

"புரிஞ்சிடுச்சு மாப்ள. உன் தலை காத்துலயும் கண்ணாடியிலயும் வருது. உடம்பு தண்ணி, கண்ணாடி, அப்புறம் காத்துன்னு வருது. ஒவ்வொண்ணும் வெளிச்சத்த அது இஷ்டத்துக்குத் திருப்புது."

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தலைக்கு ஒண்ணு, உடம்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேருக்குச் சோறு போட மாட்டா."

பின்மூலையில் கண்ணாடிகளை ஒட்டிய கறுப்புப் பசைக்கோடும் நீர்மட்டத்தில் இரண்டாக முறிந்து தெரிந்தது. நேரே வந்தால் ஒட்டிக்கொண்டது, சாய்ந்தால் பிரிந்தது. சின்னப்பிள்ளை போல இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, அதே கோட்டில் இன்னொரு முறிவு. நேரே வந்தார். கீழ் முறிவு ஒட்டிக்கொண்டது. மேல் முறிவு ஒட்டவில்லை. அங்கே ஏது தண்ணீர்? வெறும் காற்றுதானே!

மச்சினன் இறங்க இடைஞ்சலாக இருக்கிறதென்று, கண்ணாடிகள் விலகாமல் மேலே இறுக்கியிருந்த இரும்புக் கவ்வியைக் காலையில் கழற்றிப் போட்டவர் அவர்தான். பசை பிய்ந்து, பின்கண்ணாடி வெளியே சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏறுடா! ஏறு!"

"இதுவும் வெளிச்சமா மாமா?"

கண்ணாடிக்காரர் ஓடினார். முன்பக்க ஏணியில் தாவி ஏறி, அவனுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மூட்டை தூக்குவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தார். அவன் குதிகால் விளிம்பைத் தாண்டியதுதான் தாமதம், பின்கண்ணாடி படாரென்று போனது. அத்தனை தண்ணீரும் சில்லுகளை வாரிக்கொண்டு பட்டறைக் கதவு வரை ஓடியது.

இருவரும் ஏணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா... விடுங்க, எலும்பு வலிக்குது."

விடத்தான் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை.