ஏழாம் மாடிக்குப் போகும் நூடுல்ஸ்

மூன்றாம் மாடித் தபால்காரர் தன் வீட்டுக்கு முதல்முதலாக மிதந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்கு. அன்று முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, வேர்க்கடலை ஏறியிருந்தது. நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தவருக்குப் படி ஏறத் தெம்பில்லை, பசி வேறு காதை அடைத்தது. கீழ்த்தளத்தில் காவலாளியின் அறையில் இருந்த மின் அடுப்பில் ஒரு பாக்கெட் நூடுல்ஸைப் போட்டு, வீட்டில் மனைவி செய்கிறபடியே வறுத்த வேர்க்கடலையை நுணுக்கித் தூவி, இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நின்றபடியே சாப்பிட்டார். கடைசி வாய் உள்ளே போனதும் கால் தரையை விட்டு எழும்பியது. படிக்கட்டுகளுக்கு நடுவே இருந்த திறந்த வெளியில், ஆறு பேரை ஏற்றிய லிஃப்ட் என்ன வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில், தபால் பையோடு நேராக மேலே போனார். மூன்றாம் மாடியில் நின்றார். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தார். கதவைத் திறந்த மனைவி, "கொத்தமல்லி வாங்கினீங்களா, மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மறந்துதான் போயிருந்தார்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்று மூன்று வருடம் ஆகியிருந்ததால், அதிசயப்பட யாருக்கும் அவகாசம் இல்லை, வரிசையில் நிற்கத்தான் அவகாசம் இருந்தது. இரண்டே வாரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. தன் வீட்டுப் பக்குவத்தில் செய்த நூடுல்ஸை யார் கீழே நின்று சாப்பிடுகிறாரோ, அவர் தன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவார். அடுத்த வீட்டுப் பக்குவம் அடுத்த வீட்டுக்காரரைத் தூக்காது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தத் திறந்த வெளிக்குள் காலை வைத்தால், செரிக்கச் செரிக்க உடம்பு மெல்லக் கீழே இறங்கும். இத்தனை வருடம் இது ஏன் நடக்கவில்லை என்று கேட்டவர்களுக்குக் காவலாளி பதில் வைத்திருந்தார். எல்லோரும் வீட்டில் இருந்தபடி வீட்டு நூடுல்ஸைத் தின்றார்கள். வீட்டிலிருந்து வீட்டுக்கு எங்கே போவது?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டாம் மாடிக்காரர். மிதப்பவர்கள் இடப்புறமாக மிதக்க வேண்டும், குடை விரிக்கக் கூடாது, நடுவழியில் நின்று வம்பு பேசக் கூடாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி ஒட்டினார். அவர் மட்டும் படியில்தான் ஏறினார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவரே வெண்ணெயும் சோளமும் போட்ட நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்துக்கொண்டு, வலப்புறமாக மிதந்து போனதைப் பதினோரு பேர் பார்த்தார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் சேர முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் ஏழாம் மாடி மெக்கானிக் ஒருத்திதான். அவள் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் ஓட வைத்துவிட்டு, மாலையில் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறி வீட்டுக்கு வருவாள். சொந்தக் கட்டடத்து லிஃப்டை எத்தனை தடவை பிரித்துப் பூட்டினாலும் அது அசையவில்லை. அதன் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது, அந்த ரகத்தை இப்போது யாரும் செய்வதில்லை. வீட்டில் அவளோடு இருந்தது அக்கா. அக்கா தையல்காரி. கீழ்த்தளத்தில் நுழைவாயிலை ஒட்டி அவளுக்கு ஒரு கடை இருந்தது. லிஃப்ட் நின்ற வருடமே அக்காவின் இரண்டு முழங்காலும் சொல்லி வைத்தாற்போலப் பழுதாயின. அதன் பிறகு ஒரு நாள் மேலே வந்தவள் இறங்கவே இல்லை. ஜன்னல் ஓரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய கூடையில் துணி வாங்கி, கூடையிலேயே திருப்பி இறக்கினாள். கூடைக்கு வந்த வேலை கொஞ்சம், வராமல் போனது அதிகம். அதைவிட, அக்கா ஆள் முகம் பார்த்து அளவெடுக்கிறவள். இப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தலை உச்சிகள்தான்.

மெக்கானிக் எதையும் சுத்தமாகச் செய்கிறவள். செத்துக் கிடந்த லிஃப்டின் கதவருகே 'ஆறு பேர் மட்டும்' என்று எழுதிய தகட்டுக்குக் கீழே இன்னொரு தகடு அடித்து, மாடிவாரியாக எல்லோர் பக்குவத்தையும் வரிசையாகப் பொறித்தாள். ஒன்று: வெங்காயத்தாள், மிளகு. இரண்டு: வெண்ணெய், சோளம். மூன்று: வேர்க்கடலை, எலுமிச்சை. நான்கு: தண்ணீருக்குப் பதில் பால், மேலே ஒரு சீஸ் வில்லை. ஐந்தாம் மாடிப் பேருந்து ஓட்டுநர் வீட்டில் நேற்று மீந்த கோழிக் குழம்பு. ஆறில் காளானும், மசாலாத் தூளில் பாதியும்; மீதிப் பாதி எங்கே போகிறது என்பது குடும்ப ரகசியம். ஏழு என்று பொறித்து, அதற்கு எதிரே இடம் விட்டாள். அவள் நூடுல்ஸ் செய்வது பாக்கெட்டில் போட்டிருப்பதுபோல. தண்ணீர் இவ்வளவு, நிமிடம் இவ்வளவு, தூள் இவ்வளவு. அதைக் கீழே நின்று சாப்பிட்டபோது ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அது பாக்கெட்டின் ருசி, வீட்டு ருசி இல்லை, அதைத் தின்றால் தொழிற்சாலைக்கு வேண்டுமானால் போகலாம் என்றார் காவலாளி.

அப்போதுதான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் கடையை மாதக் கடைசிக்குள் திறந்து தினமும் நடத்த வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கேன் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மெக்கானிக் அன்றிலிருந்து இருபது மாலை விதவிதமாகச் சமைத்துப் பார்த்தாள். பூண்டு, இஞ்சி, தேன், தயிர், எள், வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றையும் கீழே நின்று விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக் கையை விரித்து நிற்பாள். பிறகு படியேறுவாள். ஒரு நாள் கணக்குப் போட்டாள்: மூன்றும் நான்கும் ஏழு. பாலில் நூடுல்ஸை வேகவைத்து, சீஸ் போட்டு, வேர்க்கடலை தூவி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பால் அந்த நொடியே திரிந்து கட்டி கட்டியாக நின்றது. இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு தின்று தீர்த்தாள். மேலே போனது ஏப்பம் மட்டும்தான்.

அக்கா இந்த ஆராய்ச்சியை எல்லாம் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். வீட்டில் அவள் பிடிவாதமாக வைத்திருந்த வேலை ஒன்றுதான்: பாத்திரம் கழுவுவது. நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ போய் காலை நீட்டுடி, பாத்திரத்தை நான் பாத்துக்கிறேன்" என்பாள். தன்னிடம் அக்காவுக்கு இருக்கும் கரிசனம் அது என்று மெக்கானிக் நம்பினாள். ஏனென்றால் பாத்திரம் பெரும்பாலும் அடிப்பிடித்துத்தான் கிடக்கும். நிமிடக் கணக்கோடு அடுப்பில் வைத்தவள் இடையில் மின்விசிறியைக் கழற்றப் போவாள், அக்காவோடு வாய்ச்சண்டைக்குப் போவாள். திரும்பி வந்து மேலே உள்ளதை நாசூக்காக எடுத்து அக்காவுக்குப் பரிமாறுவாள். கரிந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்வாள்.

மாதக் கடைசி நாள் காலை அக்கா தலை வாரி, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னைக் கீழே தூக்கிப் போகச் சொன்னாள். "இறங்கிட்டா ஏறுறது எப்படிக்கா?" என்று தங்கை பதறினாள். "அது உன் வேலை. நீதானே லிஃப்ட் மெக்கானிக்" என்றாள் அக்கா. தபால்காரரும் பேருந்து ஓட்டுநரும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்கினார்கள். ஏழு மாடி இறங்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. கீழே வைத்தபோது நால்வரும் தரையில் படுத்துவிட்டார்கள். ஏற்றிவிடச் சொல்லி அவர்களிடம் கேட்க யாருக்கும் மனம் வராது.

பத்து மணிக்கு ஷட்டர் உயர்ந்தது. மூன்று வருடத்துத் தூசியோடு அக்காவின் சிரிப்புச் சத்தமும் தெருவுக்கு வந்தது. கட்டடமே கையில் துணியோடு இறங்கியது. தலை உச்சியாக மட்டுமே தெரிந்தவர்களுக்கு எல்லாம் மூக்கும் முழியும் இருந்தன. முதலாம் மாடிப் பெண் இரண்டு பிள்ளை பெற்றிருந்தாள். தபால்காரர் இளைத்திருந்தார். அக்கா ஒவ்வொருவர் தோளையும் பிடித்துத் திருப்பி அளவெடுத்து, "என்ன இப்படி ஆயிட்டீங்க" என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தில், முழங்கால் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ஆனால் கடையில் யாரும் தங்கக் கூடாது என்பது சங்க விதி. ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கி, ஆள் வீடு போய்ச் சேர வேண்டும். போக வழியில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். செயலாளர் ஆறு மணிக்கே கைக்கடிகாரத்தோடு வந்து நின்றார்.

மெக்கானிக் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவை நாற்காலியோடு படிக்கட்டுகளுக்கு நடுவே இழுத்து வைத்துவிட்டு, காவலாளியின் அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பக்குவம் செய்தாள், நான்கும் பொய்த்தன. எல்லா மாடிகளிலும் ஜனம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஆறரைக்கு ஐந்தாவது பாக்கெட்டை அடுப்பில் வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"காலையிலேயே சொன்னேன், இறங்காதேன்னு. கேட்டியா?"

"மூணு வருஷம் கேட்டேன்டி. போதாதா?"

"அப்போ என் மேலதான் தப்பு. சொல்லிடு, எல்லாரும் கேக்கட்டும்."

"தப்புன்னு எவ சொன்னா? நீ ஒரு நாளாவது உக்காந்து என்கிட்ட பேசியிருக்கியா? வந்ததும் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டு எதையாவது கழட்டப் போயிடற."

"உன் முகத்தைப் பாக்க முடியலக்கா!" என்று கத்திவிட்டாள் மெக்கானிக். "ஊரு லிஃப்டெல்லாம் ஓடுது. உன்னை ஏத்தி இறக்க ஒண்ணு, என்னால ஓட்ட முடியல. அதான் உக்கார முடியல."

மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அவள் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை, செயலாளர்கூடப் பார்க்கவில்லை. காவலாளிதான் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஐயோ, அடிப்பிடிக்குது!" என்று அலறினார்.

மெக்கானிக் துள்ளி எழுந்து, பழக்க தோஷத்தில் பாத்திரத்தை மறைக்கப் போனாள். அக்காவின் முகம் மாறியது. மூக்கு விடைத்தது.

"தொடாதே! கொட்டிடாதே. ஒரு முட்டை எடு. நாலு பல்லு பூண்டு நசுக்கு. நல்லெண்ணெய் இருக்கா?"

எல்லாம் இருந்தது. அக்கா பாத்திரத்தை மடியில் ஒரு துணி போட்டு வாங்கிக்கொண்டாள். அடியில் பொன்னும் கருப்புமாக ஒட்டியிருந்ததை ஒரு கரண்டியால் கர கரவென்று சுரண்டிப் புரட்டி, பூண்டைப் போட்டு, எண்ணெயை விட்டு, அந்தச் சூட்டிலேயே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினாள். அவள் கை தேடவில்லை, தயங்கவில்லை. ஆயிரம் தடவை செய்த கை. தான் ஒரு வாய் சாப்பிட்டாள், தங்கைக்கு ஒரு வாய் ஊட்டினாள். மெக்கானிக் மென்றாள். கண்ணீர் நின்றது. கண் விரிந்தது.

"இது என்னக்கா?"

"நீ தினமும் கருக்கினது. பாத்திரம் கழுவுறேன்னு சும்மாவா உக்காந்திருந்தேன்?"

"இத்தனை வருஷமா ஒளிச்சு வெச்சுத் தின்னியா! எனக்குத் தராம!"

"இதைப் போய் யாரு சமையல்னு நினைச்சா? சொன்னா நீ கருக்காம இருந்துடுவியோன்னு பயம்டி."

இந்தப் பேச்சு நடந்தது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில். நாற்காலி கீழேயே இருந்தது. அக்கா ஒரு கையில் பாத்திரமும் மறு கையில் தங்கையுமாக, அளவு நாடா காற்றில் ஆட, மேலே போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் தபால்காரர் மனைவி விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது தபால்காரருக்கே அன்றுதான் தெரியும். ஐந்தாம் மாடியில் பேருந்து ஓட்டுநர் வாயாலேயே ஹாரன் அடித்தார். ஒவ்வொரு மாடியிலும் கைகள் நீண்டு அவள் காலைத் தொட்டுத் தள்ளிவிட்டன, தேவையில்லாவிட்டாலும். தங்கை பங்கு கேட்டுச் சண்டை போட்டபடியே வந்தாள். ஏழாம் மாடியில் நின்றார்கள். கனமே இல்லாத அந்த நேரத்தில் அக்கா கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தாள், முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை அவரே ஒரு பையனிடம் மேலே கொடுத்தனுப்பினார்.

தகட்டில் ஏழுக்கு எதிரே மெக்கானிக் மறுநாள் பொறித்தது இது: அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகவும், பிறகு பூண்டு, நல்லெண்ணெய், முட்டை. இதில் சிரமமானது முதல் வரிதான். மறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாராலும் மறக்க முடியாது. வேண்டுமென்றே கருக்கியது தூக்காது, இரண்டு தடவை பார்த்தாயிற்று. அதனால் தினமும் மாலை ஆறரைக்கு, காவலாளியின் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு சண்டையாகும், இல்லையென்றால் சிரிப்பாகும். எதுவானாலும் அடுப்பு நினைவில் இருக்காது. காலையில் வீட்டில் அதே பக்குவம் சாப்பிட்டு, செரிக்கச் செரிக்க அக்கா கடைக்கு இறங்குவாள். தண்ணீர் கேன்காரருக்கு எதிர்த் தெருவில் இடம் கிடைத்தது, அவர் சட்டைக்கு இங்கேதான் பொத்தான் வைத்துக்கொள்கிறார்.

லிஃப்ட் நின்ற ஆறாவது வருடம், எங்கோ இடித்த பழைய கட்டடத்திலிருந்து அந்த ரகப் பலகை ஒன்று மெக்கானிக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினாள், லிஃப்ட் ஓடியது, எல்லோரும் கை தட்டினார்கள். அதில் இப்போது கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் போகின்றன. ஆட்கள் அவரவர் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

நேற்று முட்டை விலை மறுபடி ஏறியிருந்தது. ஒரு முட்டை போதுமா, இரண்டு போடலாமா என்று அக்காவும் தங்கையும் அடித்துக்கொண்டார்கள். ஆறே முக்காலுக்கு அடிப்பிடித்தது, ஏழுக்கு வீட்டில் இருந்தார்கள்.