ஒயர் வழி வந்த அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், பத்து வருஷத்துக்கு முன் செல்லையாவின் முட்டியை உடைத்த அடி, ஒயர் வழியாக வந்து அவர் மகள் நவமணியின் முட்டியை உடைத்தது. அன்றைக்குக் கொழுந்து வரத்து சுமார்தான்.

ஆபீஸில் பீரோ கணக்காக நின்ற பெரிய கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, மேசைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸுக்கு எல்லாரையும் மாற்றச் சொல்லி துரை உத்தரவு போட்டிருந்தார். மாறாத பேருக்கு சர்வீஸ் இல்லை, தொழிலாளர் லயத்தில் வீடும் இல்லை. ஆபீஸில் வேலை பார்த்த நவமணிதான் பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பேராக அனுப்பினாள். வரிசை தாண்டினால் மெஷின் நகராது. அப்பா பேர் வந்ததும் தட்டினாள், விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம், நாற்காலியோடு சாய்ந்தாள்.

அந்தச் சத்தம், ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி சாம்பசிவத்துக்குப் பழக்கம்தான். கொழுந்து நிறுவையில் ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்ட செல்லையாவை இரும்புக் குழாயால் அடித்தவரே அவர்தானே. தன்னிடம் அடி வாங்கிப் படுத்தவர்களையெல்லாம் ‘வேலைக்கு வரவில்லை’ என்று பழைய கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னதும் அவர்தான். அந்தப் பொய்க்குள்ளேதான் அடிகள் இத்தனை நாள் ஒளிந்திருந்தன. புதிய டேட்டாபேஸில் வராத நாளுக்குக் கட்டம் இருந்தது, அடிக்கு இல்லை. உட்கார இடமில்லாத அடி, பட்டனைத் தட்டியவள் உடம்பில் ஏறிக்கொண்டது.

அதே நேரம் பேக்டரி வாசலில் காலை இழுத்துக்கொண்டு போன செல்லையா, நேராக நடக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

“எனக்கு எதுக்கும்மா இந்த நல்ல கால்? என் அடிய எனக்கே திருப்பி அனுப்பிடு.”

“போனது திரும்பாதுப்பா. ஆனா என் பேரு இன்னும் போகல.”

ஊன்றுகோலோடு ஆபீஸ் போனாள். அடிபட்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை அனுப்பு என்றார் சாம்பசிவம்.

“தாண்டிப் போகாதுங்க ஐயா. உங்க பேரு கடைசி. அவங்க போனாத்தான் நீங்க போவீங்க, இல்லாட்டி உங்க ரிட்டையர் காசு இல்லலா. எனக்கு முடியல, நீங்களே தட்டுங்க.”

வேறு யாரும் அந்த அறைப் பக்கமே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். மனுஷனைக் காசாசை லேசில் விடுமா? தட்டினார். பக்கிரிசாமி பேருக்கு முன்பல் இரண்டும் மேசையில் விழுந்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி தட்டினார். சின்னக்கருப்பன் பேருக்குக் காது கிழிந்து சட்டை நனைந்தது. அம்மாக்கண்ணு பேருக்கு விலா போயிற்று. மலைச்சரிவில் கூடையோடு நின்ற அம்மாக்கண்ணு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள், வலிக்கவில்லை. கடைசிக்கு முந்தின பேரில் அவர் கை நின்றுவிட்டது.

“அது நான்தாங்க ஐயா. தட்டுங்க.”

தட்டினார். விறகு முறிந்தது. நவமணி எழுந்து நின்று, ஊன்றுகோலை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். தரையில் கிடந்தவருக்காக அவர் பேரை அவளே அனுப்பினாள். அதில் அடி எதுவும் இல்லை.

பழைய கம்ப்யூட்டரை இரும்புக்கு எடுத்துப்போன லோரிக்காரன், பார்க்கத்தான் பெருசு, உள்ள கனமே இல்ல, ரெண்டே பேர் தூக்கிட்டோம் என்றான். சாம்பசிவம் மாதாமாதம் காலை இழுத்துக்கொண்டு ரிங்லெட் கிளினிக்குக்குப் போகிறார். கைபிடித்து பஸ் ஏற்றிவிடுவது செல்லையா. அந்தக் காலை எப்படி ஊன்றினால் வலி குறையும் என்று அவருக்குத்தான் தெரியும்.