வலது மடிப்பு

எங்கள் மர்ம அனிமேஷன் தொடரில் என்ன குறை என்று யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். கொலைகாரன் யாரென்று இரண்டாம் பகுதியிலேயே தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. துப்பறியும் பெண் வாயைத் திறந்தால் பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார். நிறை என்று சொன்னால் மழை, மலை விடுதியின் ஈரச் சுவர்கள், கிண்ணத்தில் ஆவி பறக்கும் மிசோ சூப். அப்புறம் விடுதிக்காரியின் முகம். அது என் அக்கா கயோவின் முகம்.

வரைந்தவர் அக்காவின் கணவர் நுமாதா. எங்கள் ஸ்டுடியோவில் அவர் கைக்கு இணையான கை கிடையாது. எனக்கு அங்கே வேலை கிடைத்ததே அவரால்தான். அக்கா நான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவள், திரும்பவில்லை. யாரோடோ போய்விட்டாள் என்றார் நுமாதா. வயது வந்தவள், தானாகப் போயிருக்கிறாள் என்று போலீசும் கையை விரித்துவிட்டது. புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவர் பெயரையும் சாப்பிடும் குச்சிகளின் காகித உறையில் எழுதும்போது அம்மா இன்னும் கயோவின் பெயரையும் எழுதுகிறாள். நான் கைப்பேசி எண்ணை மாற்றவில்லை. எங்களை அடியோடு மறந்துவிட்டாலும் பரவாயில்லை, எங்கோ உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்தேன்.

அவர் வரையும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் நாள் முழுக்க அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். திரையில் அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் என்னைக் கூப்பிடப்போகிறாள் என்று தோன்றும்.

ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பான மறுநாள், மத்தியானச் சாப்பாட்டின்போது இயக்குநர் ஹிரோனாகா, பார்த்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். வசவு வந்தால் முணுமுணுப்பார். பாராட்டு வந்தால் இரண்டு தரம் வாசிப்பார்.

"இதைக் கேளுங்கப்பா. 'தொடர் முழுக்க ஓட்டை. ஆனா ஒன்பதாம் பகுதியில விடுதிக்காரி டீ ஊத்துறப்ப, கிமோனோவோட வலது மடிப்பு மேல இருக்கு. அப்ப அவ ஆரம்பத்துலேயே செத்துப்போனவ! இந்த ஒரு துப்புக்காகவே மத்ததையெல்லாம் மன்னிச்சிடலாம்.'"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிமோனோவை மார்புக்குக் குறுக்கே மடித்து உடுத்துவோம்; உயிரோடு இருப்பவர் உடுத்தினால் இடது மடிப்பு மேலே வரும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. எங்கள் தொழிலில் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறதுதான். நேரமில்லாமல் ஒரு படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டால் மடிப்பும் கூடவே புரண்டு, நன்றாக இருப்பவள் பிணமாகிவிடுவாள்.

"படத்தைப் புரட்டிப் போட்டு மாட்டிக்கிட்டோம். இதுல துப்பு வேறயா?" என்றாள் வண்ணம் தீட்டும் மிஹாரு.

"வாயை மூடு. யாராவது கேட்டா, திட்டம் போட்டுத்தான் செஞ்சோம்னு சொல்லணும்," என்றார் ஹிரோனாகா. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். என் பக்கம் திரும்பினார். "ஏம்மா ஒரியே, நீ எப்படி இதை விட்டே?"

"அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், ஹிரோனாகா சான். உங்க கண்ணு எங்க போச்சாம்?"

மறுபடியும் சிரிப்பு. நுமாதா மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் குரல் பதிவுக்குக் கிளம்பிப் போனார்கள். நானும் நுமாதாவும்தான் பாக்கி. அந்தக் காட்சியைத் திருத்தி வைக்கலாம் என்று எடுத்தேன்.

அக்காவுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். விடுதிக்காரிக்கும் உண்டு. படத்தைப் புரட்டியிருந்தால் மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் எதையும் புரட்டவில்லை. ஒரு கை அந்த மடிப்பை அப்படியே வரைந்திருக்கிறது. ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். டீ ஊற்றுகிறாள், ஆவி எழுகிறது, இமை மட்டும் அசையவே இல்லை. இருபது வருஷமாகக் கிமோனோ வரைகிறவர் அவர். தூக்கத்தில் வரைந்தாலும் மடிப்பு மாறாது.

படத்தை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். வேலையிடத்தில் அவரை நுமாதா சான் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"அத்தான், இது புரட்டின படம் இல்ல."

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி வரைஞ்சீங்க?"

பென்சிலைக் கீழே வைத்தார். "சரியாத்தான் வரையணும்னு உக்காந்தேன், ஒரியே. கை கேக்கல. கடைசியா அவளை அப்படித்தான் பாத்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். "யாரு அவளுக்கு அப்படி உடுத்திவிட்டது?"

"நான்தான். சண்டையில பிடிச்சுத் தள்ளிட்டேன். படியில விழுந்தா, எழுந்திருக்கல." அவர் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. "ஏதோ முறைன்னு ஒண்ணு செய்யணுமே. வேற யாரு இருந்தா அவளுக்கு?"

"நாங்க இருந்தோம்!" என்று கத்தினேன். "அம்மா இருந்தா! நான் இருந்தேன்!"

அந்த மனிதரை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் முடியாது.

"எங்க வச்சிருக்கீங்க அவளை?"

வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வரையத் தொடங்கினார். மலைச் சரிவு ஒன்று வந்தது. தேவதாரு மரங்கள் வந்தன. இடிந்த மதில் ஒன்றும், அதை ஒட்டி இரண்டாகப் பிளந்த மரமும் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, வரைந்து முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனேன்.

அந்தப் படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. போன போலீஸ்காரர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக அந்த மரத்தடியில் போய்த் தோண்டினார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் அக்கா கிடைத்துவிட்டாள்.