நூற்றுக்கு நூறு

விசாரணை அறையில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தபோதுகூட அவனுக்குத் தெம்பு இருந்தது. தப்பு அவன்மேல் என்றால் வேலை போய்விடும். பயிற்சியில் ஓட்டை என்றால் சுரங்கத்துக்கு மேலே உட்கார்ந்து பார்க்கும் வேலையாவது கிடைக்கும். அதைச் சொல்ல வேண்டியவன் எதிரே, பயிற்சிப் பிரிவு நாற்காலியில் இருந்தான். அந்நியன் இல்லை, இவனுடைய சொந்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

சுரங்கத்தில் அவனுக்குப் பத்தொன்பது வருடம். எங்கே நின்றாலும் கம்பியால் கூரைப்பாறையைத் தட்டிக் காது கொடுப்பான். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் ஓட வேண்டும். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள்ளேயே இறக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கூரைப்பாறை சரியாமல் இரும்பு ஆணி இறக்கப் புது இயந்திரம் வந்தது, பாடமும் பரீட்சையும் கம்ப்யூட்டருக்குப் போயின. மாதக் கடைசிக்குள் எல்லோரும் பாஸாக வேண்டும் என்று மேலிடம் மச்சானின் கழுத்தை நெரித்தது.

"மாமா, மவுஸைப் புடிச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? உங்க ஊழியர் நம்பரை மட்டும் குடுங்க, பரீட்சைய நான் முடிச்சுடறேன்."

இவனும் வாயெல்லாம் பல்லாகக் கொடுத்தான். மறு வாரமே, இயந்திரம் ஓடும்போது பழக்கதோஷத்தில் கம்பியோடு கிட்டே போனான். அதன் இரும்புக் கை திரும்பிக் காலை நொறுக்கியது.

இப்போது விசாரணை அதிகாரி அந்தப் பாடத்தை ஓடவிட்டார். திரையில் மஞ்சள் தொப்பிப் பொம்மை ஒன்று, கையில் கம்பியோடு, இயந்திரத்தை நெருங்கியது. எச்சரிக்கையாகத் திரை சிவந்தது. மொத்தம் பத்தே நிமிடப் படம், பச்சைப்பிள்ளைக்கும் புரியும். அவன் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். அந்தப் பத்து நிமிடத்தைக்கூடத் தனக்குக் கொடுக்கவில்லையே.

"இதைப் பாத்துட்டுத்தானே நூத்துக்கு நூறு வாங்கியிருக்கீங்க?"

"நான் பாக்கவே இல்ல சார். பரீட்சை அன்னைக்கு முழுக்க ஆஸ்பத்திரியில இருந்தேன். இவன் பொண்டாட்டிக்குப் பிரசவம். இவனுக்கு லீவு கிடைக்கலன்னு நான்தான் கூட இருந்தேன்."

அதிகாரி மச்சானைப் பார்த்தார். மச்சான் திரையைப் பார்த்தான்.

"இவர் என் முன்னாடி உக்காந்துதான் பரீட்சை எழுதினார் சார்."

மாமா என்ற வார்த்தை எங்கே போனதோ தெரியவில்லை.

"உன் கொழந்தைய மொதல்ல கையில வாங்கினது யாருடா?" என்று அவன் கேட்டான்.

"குடும்பக் கதையெல்லாம் இங்க வேணாம்" என்று அதிகாரி, தப்பு அவன்மேல்தான் என்று எழுதிய தாளைக் கையெழுத்துக்கு நகர்த்தினார்.

பேனாவை நீட்டியது மச்சான்.