இடம் குறிப்பிட்டு ஜெபிக்கவும்

என் வகுப்பில் எந்தப் போரைப் பற்றி எழுதினாலும் பிள்ளைகள் மூன்று தலைப்பு போட வேண்டும். காரணங்கள், திருப்புமுனை, விளைவுகள். காரணங்களை எந்த மடையனும் எழுதிவிடுவான். விளைவுகளையும் நெட்டுருப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். திருப்புமுனையில்தான் என்னிடம் மாட்டுவார்கள். பீரங்கி, விமானம், தளபதி என்று எழுதிவைத்தால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.

சுதந்திரம் வாங்கி மூன்று மாதம் முழுதாக ஆகவில்லை, காஷ்மீரில் சண்டை வந்துவிட்டது. உள்ளே நுழைந்த கூட்டம் பாரமுல்லாவில் நின்று ஸ்ரீநகருக்கு வழி கேட்டதாம். உள்ளூர் இளைஞன் ஒருவன் தப்பான வழியைக் காட்டி அலையவிட்டான் என்று சொல்வார்கள். அங்கே அவர்களுக்குக் காலம் போனது, இங்கே நம் விமானங்கள் வந்து இறங்கின. அறுபத்தைந்தில் மலைக்குள் பதுங்கி வந்தவர்களை ஆடுமாடு மேய்க்கிறவர்கள் பார்த்துப் போலீஸில் சொல்லிவிட்டார்கள். போட்ட திட்டம் பாழாய்ப் போனது. பீரங்கியெல்லாம் பிறகுதான்லே, முதலில் வாய் என்று வருஷம் தவறாமல் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னது என் வீட்டுக்குள் மட்டும் ஏறவில்லை. வாத்தியார் பெண்டாட்டி வாத்தியார் பேச்சைக் கேட்டதாக எந்த வரலாற்றிலும் கிடையாது.

நான் தேவபிரசாதம். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம், இருப்பது முத்தையாபுரம். மனைவி ஜீவமணி. ஒரே மகன் ரெனிஷ் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான், வடக்கே எல்லையில். அந்த மே மாதம் அங்கே சண்டை மூண்டது. இங்கே துறைமுகத்தில் ஒத்திகை என்று சங்கு ஊதினார்கள். தொலைக்காட்சிக்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே போர் நடத்திக்கொண்டிருந்தான். எங்களுக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. ரெனிஷ் எப்போது கூப்பிட்டாலும் ஜீவமணி இரண்டே கேள்விதான் கேட்பாள். எங்கலே இருக்க, சாப்பிட்டியா. டியூஷனுக்குப் போன நாளிலிருந்து அவனிடம் இந்த இரண்டும்தான்.

அன்று மத்தியானம் நான் மீன் வாங்கப் போயிருந்தபோது அவன் பேசியிருக்கிறான். நான் திரும்பி வரும்போது ஜீவமணி முழங்காலில் இருந்தாள். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னாள். இருட்டியதும் அவர்கள் வண்டிகள் கிளம்புகின்றனவாம். இன்ன ஊரிலிருந்து, இன்ன பாதை வழியாக, இன்ன ஊருக்கு. இவன் வண்டி முன்வரிசையிலாம். போய்ச் சேரும்வரை போன் கிடையாதாம். அந்த ஊர்ப் பெயர்களை நான் இங்கேயும் எழுதமாட்டேன். பட்டது போதும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணுவத்தில் இருக்கிற பயல், இதையெல்லாம் போனில் சொல்வானா? அம்மா கேட்டால் அவனுக்கு வாய் நிற்காது. நீ யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ஜெபத்துக்கு மட்டும் கொடுத்தேன் என்றாள்.

எங்கள் சபையில் ஒரு ஜெபச் சங்கிலி இருக்கிறது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஈவாஞ்சலின் அக்காதான் அதற்குத் தலைவி. வாட்ஸ்அப்பில் விண்ணப்பம் போட்டால், பார்த்தவர்கள் ஜெபித்துவிட்டு அடுத்த சபைக்கு அனுப்ப வேண்டும். அக்காவிடம் பொத்தாம்பொதுவான விண்ணப்பம் செல்லாது. யாருக்கு ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, என்ன நோய், எல்லாம் வேண்டும். விவரமாகக் கொடுத்தால்தான் ஜெபம் விவரமாக ஏறும் என்பது அக்காவின் கட்சி. கர்த்தருக்கு கூகுள் மேப் எதற்கு என்று நான் கேலி செய்ததற்கு ஜீவமணி இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மகன் பெயர், படைப்பிரிவு, கிளம்பும் ஊர், பாதை, சேரும் ஊர், இருட்டியதும் புறப்பாடு. கடைசியில் அக்காவின் வழக்கமான வரி: இடம் குறிப்பிட்டு ஜெபிக்கவும்.

"ஏளா, நீ ஜெபத்துக்கா கொடுத்திருக்க? எதிரி கையில கொண்டுபோய்க் கொடுத்திருக்க."

அவள் முதலில் கோபப்பட்டாள். ஜெபிக்கிற ஜனங்களை எதிரி என்கிறீர்களே என்றாள். நான் அதை அழித்தேன். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். அது அப்போதே நம்ம நாசரேத்துக்குப் போய், அங்கிருந்து மும்பைக்குப் போய், தோஹாவிலும் துபாயிலும் ஜனங்கள் முழங்காலில் நிற்கிறார்கள் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். நான் கத்திய கத்தலில் அவள் தன்னிடம் இருந்ததை அழித்தாள். மற்றதை யார் அழிப்பது? அவிழ்த்துக் கொட்டிய நெல்லிக்காயைத் தெருத்தெருவாகப் பொறுக்க முடியுமா?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீவமணியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தெரியாத எண், வெளிநாட்டு எண், படம் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. சிஸ்டர், உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, எங்கள் சபையிலும் ஜெபிக்கிறோம், மொத்தம் எத்தனை வண்டி, மலைப்பாதையா கீழ்ப்பாதையா, தெரிந்தால் மனப்பாரத்தோடு ஜெபிக்க வசதியாக இருக்கும்.

ஜீவமணி அதை இரண்டாம் தரம் வாசித்தாள்.

"எம்பிள்ளைய நானே காட்டிக்கொடுத்துட்டனா?"

அந்த எண் நிஜமாகவே ஒரு விசுவாசியாக இருக்கலாம். எங்கள் அக்காவைப் போலவே விவரம் கேட்கிற இன்னொரு அக்காவாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கே நமக்கு முன்னாலேயா பின்னாலேயா இருட்டும் என்று அவள் கேட்டாள். இருட்டுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும், அது மட்டும் எனக்குத் தெரிந்தது. ராணுவத்துக்குச் சொல்லலாம் என்றால் யாருக்குச் சொல்வது? ரெனிஷின் போன் அணைந்திருந்தது. அவன் தந்திருந்த முகாம் எண்ணை யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் மகனை விசாரணையில் நிறுத்துவார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் பாரமுல்லாப் பையன்தான் நினைவுக்கு வந்தான். வாயால் கெட்டதை வாயால்தான் திருப்ப வேண்டும், வேறு ஊர், வேறு பாதை என்று திருத்தம் போடு, அதுவும் முதல் செய்தி போன வழியிலேயே போகட்டும் என்றேன். ஜீவமணி முடியாது என்றாள். ஜெப விண்ணப்பத்தில் பொய்யா? இத்தனை பேர் முழங்காலில் நின்று பொய்யை ஆண்டவரிடம் சொல்வார்களா? எனக்கு அவளை அறைந்துவிடலாம் போல ஆத்திரம். அடக்கிக்கொண்டு அந்தப் பையன் கதையை அவளுக்கும் சொன்னேன். பெண்டாட்டிக்கு நான் நடத்திய ஒரே பாடம் அதுதான்.

"அந்தப் பையனுக்குப் பொறவு என்ன ஆச்சு?"

கொன்றுவிட்டார்கள் என்றேன்.

"அவன் அம்மா?"

தெரியவில்லை. எந்தப் பாடத்திலும் அவள் வரவில்லை என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "பொய்யா ஒரு ஊரைச் சொல்லுதோம். அங்கனயும் யாரு பெத்த புள்ளையாவது இருப்பான்லா? அவனுக்கு என்னத்தச் சொல்ல?"

இதை நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் திருப்புமுனை, திருப்புமுனை என்று கோடு இழுத்தவன், அந்தப் பையன் திருப்பிவிட்ட பாதையில் யார் வீடு இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜீவமணியே போனைக் கேட்டு வாங்கினாள். எழுத்து எழுத்தாகத் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'முன்பு அனுப்பிய விண்ணப்பம் தவறு. நான் பழைய செய்தியை நினைத்துப் பயந்து எழுதிவிட்டேன். மகன் ரெனிஷ் லீவு கிடைத்து முத்தையாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். வண்டிப் பயணம் எதுவும் இல்லை. ஸ்தோத்திரம் செலுத்தவும்.' அதற்கும் கீழே எங்கள் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் போட்டாள்.

விலாசம் எதற்கு என்று கேட்டேன்.

"தேடி வாரவன் இங்கன வரட்டும்," என்றாள்.

முதலில் அந்தத் தெரியாத எண்ணுக்கு அனுப்பினாள். பிறகு அக்காவுக்கு. நான் என் பங்குக்கு நாசரேத், மும்பை என்று தெரிந்த ஒருவரையும் விடாமல் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கைகூப்பும் படங்களும் அல்லேலூயாவும் வந்து குவிந்தன. தோஹாவிலிருந்து ஒருவர் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தார். அந்தத் தெரியாத எண்ணிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: ஆமென். அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இருட்டும்போது துறைமுகத்தில் சங்கு ஊதி விளக்கை அணைத்தார்கள். நாங்களும் அணைத்தோம். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். எந்த இடத்தைச் சொல்லி ஜெபிக்க என்றாள்.

விடிந்ததும் கதவைத் தட்டுகிற சத்தம். ராணுவத்தில் சாவுச் செய்தி எப்படி வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜீவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறந்தால் ஈவாஞ்சலின் அக்கா. ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் இடியாப்பம் நிறைந்த டப்பா. தம்பி எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்திருக்கிறான், அவனுக்குப் பிடிக்குமே என்று ஆட்டுக்கால் பாயா வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜீவமணி அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரங்களை வாங்கிக்கொண்டாள். தூங்குகிறான் அக்கா, ரயில் அலுப்பு என்றாள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. இல்லாத பிள்ளைக்குப் பாயா வந்து இறங்கியிருக்கிறது. இருக்கிற பிள்ளை இருக்கிறானா என்று தெரியவில்லை.

அப்போது ஜீவமணியின் போன் அடித்தது. ரெனிஷ் பெயர். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. அவன் பேசுவது எனக்கும் கேட்டது.

"அம்மா, நல்லபடியா வந்து சேந்துட்டோம். இப்ப நாங்க இருக்கது—"

"சொல்லாத."

"பயப்படாதம்மா, இங்கன—"

"சொல்லாதலே. எனக்குத் தெரிய வேண்டாம். இனிமே எப்பவும் சொல்லாத."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. இரண்டு கேள்வியில் ஒன்று போய்விட்டது. மிச்சம் இருந்ததைக் கேட்டாள்.

"சாப்பிட்டியாய்யா?"

"இல்லம்மா. இனிமேத்தான்."

கூடத்திலிருந்து அக்கா, பேச்சுச் சத்தம் கேட்கிறதே, தம்பி எழுந்துவிட்டானா என்றாள்.

"எந்திச்சிட்டான் அக்கா," என்றாள் ஜீவமணி, குரல் உடையாமல். "இந்தா, சாப்பிடப் போறான்."

போனை வைத்துவிட்டு, ரெனிஷின் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவினாள். இடியாப்பத்தைப் போட்டாள், பாயாவை ஊற்றினாள், என் கையில் கொடுத்தாள். அக்காவின் பாத்திரம் காலியாகத் திரும்ப வேண்டுமே. நான் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்று அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். கடைசி வாய் உள்ளே போகும்வரை ஜீவமணி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.