பதினோர் ஒன்றுகளும் ஏழு மீதியும்

விடியலும் நண்பகலும் ஒன்றென மயங்குமாறு மூடுபனி படர, தில்லி மலைமந்திர் முருகனும் தன் கோபுரம் எத்திசையென்று அறியாது நின்றிருக்க, இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகள் ஈரப்பஞ்சிற் பொதிந்த பெட்டிகள்போல் தோன்றித்தோன்றி மறைந்த ஒரு ஞாயிற்றுப் பிற்பகலில், கற்றறிந்த அன்பரே, வடிவு என்னும் நல்லாள் இருபத்தேழரை ஆண்டு அயர்வோடு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அவ்வயர்வுக்குக் காரணம் ஓர் எண். ஒன்று என்னும் இலக்கத்தைப் பதினோரு முறை வரிசையாய் நிறுத்தினால் வருவது. ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியைத் தாண்டியது. அது தன்னாலும் ஒன்றாலுமன்றி எதனாலும் வகுபடாத பகா எண் என்று, லோதி சாலை அலுவலகத்துத் தேநீர் வேளையில் அவள் கணவர் கலியமூர்த்தி வாய்விட்டுவிட்டார். விட்ட சொல்லை மெய்ப்பிக்க, ஓர் இலட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண் ஒவ்வொன்றாலும், நாளுக்கு ஒன்றாய், கையால் வகுத்துவந்தார். கைப்பேசி நொடியில் சொல்லுமே என்ற நண்பரோடு அவர் பேசிப் பதினான்கு ஆண்டாகிறது. கணக்கு முடிந்ததும் சிம்லாவில் பனி காட்டுவதாக, மணமான புதிதில் வடிவுக்கு அவர் தந்த வாக்கும் அவ்வெண்ணோடே கட்டுண்டு கிடந்தது.

முதலில் பதிவேட்டில் ஒப்பம், பின்னரே வேலை என்னும் அலுவலக ஒழுக்கப்படி, அவர் 'மீதி உண்டு' என்று குறித்துவிட்டே வகுக்கத் தொடங்குவார். இருபத்தோர் ஆண்டுக்கு முன், 21,649-க்கு அவ்வாறு குறித்து நான்கு இலக்கம் வகுப்பதற்குள் காய்ச்சல் வந்து வீழ்த்தியது. எழுந்தவர் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். நின்றுபோன அவ்வகுத்தலைக் கஞ்சி கொதிக்கும் இடைவெளியில் வடிவு முடித்தாள். ஐந்து இலட்சத்துப் பதின்மூவாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது முறை, மீதி இல்லை; அவ்வெண் பகா எண்ணே அன்று. சொன்னால் மனிதர் பதின்மூன்று ஒன்றுகளைத் தொடங்கிவிடுவார் என்றஞ்சி வாய்மூடியவள், அவர் கணக்கு தானே முடியட்டுமென்று அன்றுமுதல் காத்திருக்கிறாள்.

"வடிவு, முடிஞ்சிடுச்சு" என்றபடி கலியமூர்த்தி சமையற்கட்டு வாயிலில் வந்து நின்றார். "ஆனா அந்தக் காய்ச்சல் வாரத்துல ஒரு வகுத்தல் பாதியில நிக்குது. அதையும் போட்டுப் பாத்துடறேன்."

"அத நான் அன்னிக்கே போட்டுட்டேங்க."

"அச்சா? மீதி வந்துச்சா?"

நரைத்த தலையும், கம்பளிக் கழுத்துத்துணியும், எழுதுகோல் பிடித்தே வளைந்துபோன விரலுமாய் நின்றவரை அவள் நெடிது நோக்கினாள்.

"வந்துச்சு."

"எவ்வளவு?"

வடிவு தன் உள்ளங்கையிலிருந்த பட்டாணியை எண்ணினாள்.

"ஏழு."

அவர் ஏழு என்றெழுதிக் கீழே இரட்டைக்கோடு இட்டார்.

21,649 இன்றும் அவ்வெண்ணை மீதியின்றியே வகுக்கிறது. எவர் களைப்புக்கும் அது இரங்குவதில்லை. களைத்தோர் இருவரோ, இல்லாத அவ்வேழைத் துணைக்கொண்டு, மறுவாரம் பனிமலை ஏறினர்.