மூட்டையிலேயே கிடந்த வாத்துகள்

யார்க்‌ஷயர் கிராமத்து வாத்துப் பந்தய விழாவுக்காக ஆற்றுப் பாலத்தின் மேல் ஊரே கூடி நின்றது. ஆற்றில் மிதக்கவிட வேண்டிய மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகள் இன்னும் மூட்டையிலேயே கிடந்தன. பப்பின் சமையலறையில், கவுன்சிலின் உரிமப் பிரிவு அதிகாரி நைஜல், பப்பை நடத்தும் லொரேனிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எண் போட்ட சீட்டை விற்று, ஆற்றில் முதலில் மிதந்து வரும் வாத்தின் எண்ணுக்குப் பரிசு என்றால், சட்டத்தின் கண்ணில் அது லாட்டரி. சீட்டை முன்கூட்டியே விற்கக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதுவும் தொண்டு அமைப்பின் பேரில்தான், கடைக்காரர் பேரில் கிடைக்காது. இத்தனை வருடமும் பள்ளிப் பெற்றோர் சங்கம் பதிவோடு நடத்தியது. சங்கம் கலைந்ததும் லொரேன் மூட்டையை வாங்கிக்கொண்டாள். வாத்தோடு பதிவும் வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, பியர் ஊற்றிக்கொண்டே வாரக்கணக்கில் சீட்டு விற்றுத் தள்ளியிருந்தாள். மலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் மீட்புக் குழுவுக்குத்தானே பணம், நல்ல காரியத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

"வித்த காசு மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் நைஜல். "அப்புறம் விழா நடக்குற இடத்துலயே புதுசா வித்துக்கலாம், அதுக்குப் பதிவு வேண்டாம். ஆனா ஒருத்தர் காசு திரும்பாம நின்னாலும் நான் மேல எழுதித்தான் ஆகணும். பப் லைசென்ஸுக்கே ஆபத்து."

பப் போனால் அதன் மாடியிலிருக்கும் அவள் வீடும் போகும். லொரேன் பாலத்தில் ஏறி, எல்லாவற்றையும் சொன்னாள். மழை தூறத் தொடங்கியது. காசு கைக்கு வந்ததும் பாதிப்பேர் நடையைக் கட்டுவார்கள், மலை மீட்புக் குழுவுக்கு ஒன்றும் தேறாது என்றுதான் பயந்தாள். நடந்தது வேறு. ஒருவரும் கையை நீட்டவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார்க்‌ஷயர் வீம்பு அது, கெஞ்சக் கெஞ்ச முறுக்கிக்கொள்ளும்.

எல்லோரும் செட்ரிக் கிழவரையே பார்த்தார்கள். கஞ்சத்தனத்தில் பேர் வாங்கியவர். யாருக்கும் ஒரு கோப்பை பியர் வாங்கித் தந்ததில்லை. இந்த முறை அதிகம் சீட்டு வாங்கியவர் அவர்தான். போன குளிர்காலத்தில் அவர் மகனை மலைப் பனியிலிருந்து தூக்கி வந்தது அந்தக் குழு. மகன் பிழைக்கவில்லை.

"எம்புள்ளயக் கீழ கொண்டாந்தவங்களுக்குக் குடுத்தது," என்றார். "திரும்ப வாங்கமாட்டேம்மா."

லொரேனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "நீங்க வாங்கலேன்னா என் கடையை மூடிடுவாங்க, செட்ரிக். அன்னைக்கு அவங்க நடுங்கிக்கிட்டு எங்க வந்து உக்காந்தாங்க? யாரு சூப்பு குடுத்தா? நீங்களும் கூடத்தானே இருந்தீங்க."

கிழவர் கையை நீட்டினார். வாங்கிய நோட்டுகளைப் பையில் வைக்காமல், பாலத்தின் முனையில் புதுச் சீட்டு விற்கப் போட்டிருந்த மேசைக்கு நடந்து, அப்படியே வைத்தார். மற்றவர்களும் அவருக்குப் பின்னால் வரிசையில் வந்து அப்படியே செய்தார்கள். பாலத்துக்கு வந்திருந்த நைஜல், எழுத ஒன்றுமில்லை என்று பேனாவை மூடினார்.

செட்ரிக் பந்தயம் பார்க்க நிற்கவில்லை. போகிற போக்கில் லொரேனின் அருகே நின்றார்.

"முடிஞ்சதும் அந்த மீட்புக் குழுப் பசங்களுக்கெல்லாம் ஒரு சுத்து பியர் ஊத்து. என் காசு."

அவள் தலையாட்டிவிட்டு வாத்து மூட்டையைப் பிரித்தாள்.